பனியன் போட்ட கோழிகளும் சீர் வந்த சேவலும்

போன வாரம், நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடை மருந்தகத்தில் இப்போது இருக்கும் இளைய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாராம், உடனே பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். ஒரு நாட்டுக்கோழியின் பின்பக்கம். இறகில்லாமல் சிவந்து கிடந்தது.

“ஒருத்தர் அனுப்பினார் மேடம். கோழிக்கு இறகு கொட்டுது, மருந்து பேரு மட்டும் சொல்லுங்கங்கறார். என்ன சொல்லட்டும்?”

“கோழி எங்க இருக்குது?”

“போட்டோவுலதான் மேடம்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பல்லடம் வட்டாரத்தில் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றதும் குறைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார், பாவம். “போட்டோவுக்கு வைத்தியம் பண்ண நான் படிக்கலை கண்ணு. வண்டியை எடுத்துட்டு அவங்க ஊட்டுக்குப் போ” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டு, ஏன் நேரில் போக வேண்டும் என்பதற்கு அருள்புரத்தில் நடந்த சங்கதியைச் சொன்னேன். சிரித்து முடித்தபின் அவர், இதையெல்லாம் எழுதி வையுங்கள் மேடம் என்றார். நான் கதையைச் சொன்னதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சாமளாபுரத்துக்காரி. அப்பாவுக்கு விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்ததால் எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. மாடுகளுக்கு அது பிடிக்காது, மாட்டுக்காரர்களுக்கு இன்னும் பிடிக்காது. கல்லூரியில் கோழிப் பாடம் என்றால் பண்ணைக் கோழிப் பாடம்தான். கொட்டகை கொட்டகையாக வளர்த்து லாரியில் ஏற்றுகிற கோழிகள். கொல்லைப்புறத்தில் ஏழெட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டில் இறகு கொட்டினால் என்ன செய்வது என்று புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. அதைத் தேர்வில் யாரும் கேட்டதில்லை. வேலைக்கு வந்தபின்தான் தெரிந்தது, ஜனங்கள் அதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை.

மீதியைக் கற்றுக்கொண்டது பெரிய டாக்டரிடம். என் முதல் பணியிடத்தில் மேலதிகாரி. எங்களையெல்லாம் ‘வா, போ, உனக்கு அறிவிருக்கா’ என்றுதான் கூப்பிடுவார். மாட்டையும் கோழியையும் மட்டும் வாங்க, போங்க. “சித்த திரும்புங்க. றெக்கையைக் காட்டுங்க. அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது” என்று கோழியிடம் அவர் கெஞ்சுவதைப் பார்த்தால், பெண் கேட்டு வந்த இடம் போலிருக்கும். ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் நாற்காலி கேட்பார். அடுத்து மோர் கேட்பார். கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஊர் நிலவரம், மழை, நூல் விலை எல்லாம் பேசுவார். பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பதே எனக்கு வேலை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “வந்ததும் புடிச்சா, பயந்துபோன கோழியைத்தான் நீ பார்ப்ப. மோர் குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க நம்மளை மறந்திருவாங்க. அப்பத்தான் யாரு யாரைக் கொத்தறாங்க, யாரு சொரிஞ்சுக்கறாங்கன்னு தெரியும்” என்றார்.

மோர் முடிந்ததும் கோழியை இடது கக்கத்தில், தலை பின்பக்கம் வரும்படி இடுக்கிக்கொள்வார். இரண்டு கால்களும் உள்ளங்கையில். பிறகு குனிந்து இறகின் மேல் மெதுவாக ஊதுவார். ஊதினால் இறகு பிரிந்து தோல் தெரியும். விரலால் பிரித்தால் ஓடிவிடுகிற பூச்சி, ஊதினால் ஓடாது. கழுத்தில் தொடங்கி வரிசையாக உதிர்ந்து, அடியில் புதுக் குருத்து முள் முள்ளாகக் கைக்குத் தட்டுப்பட்டால், “பழைய துணியை மாத்திட்டிருக்காங்க, தொந்தரவு பண்ணாதே” என்பார். முட்டை நின்றுபோய், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற இறகுதிர்ப்பு அது. முதுகில் மட்டும் வழுக்கை, இறகு பாதியில் முறிந்த கட்டைகள் என்றால் சேவலைப் பார்க்க வேண்டும். பின்பக்கமும் வயிறும் என்றால் பூச்சி. “எல்லாப் பக்கமும் கொட்டுனா என்னங்க சார்?” என்று கேட்டேன். “அப்ப ஊட்டுக்காரங்களைப் பாரு” என்றார்.

இன்னொன்றும் சொல்வார். “நோய் என்னன்னு சொல்லு. யாரால வந்துதுன்னு சொல்லாதே. சொன்னீன்னா மருந்தை ஓரமா வெச்சுட்டு சண்டைக்குப் போயிருவாங்க.” இது எனக்குப் பிடிக்காத பாடம். யாரால் என்று தெரிந்தால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவரோ, என் வாயைப் பார்த்துத்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழிந்து, நானே ஒரு மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்தபோது, ஒரு காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி கட்டைப்பையோடு வந்து நின்றாள். பைக்குள்ளிருந்து கோழித் தலை எட்டிப் பார்த்தது. வெளியே எடுத்தால், கோழி பனியன் போட்டிருந்தது. வெள்ளைப் பனியன். கழுத்துக்கு இழுபடும் ரிப் பட்டி வைத்து, இறக்கைக்கு ஓட்டை விட்டு, ஓவர்லாக் அடித்த பனியன். பின்கழுத்தில் ‘எம்’ என்று சைஸ் லேபிள் வேறு.

“இதை யாரும்மா தைச்சது?”

“வீட்டுக்காரய்யா தச்சாகம்மா. இது என் கோழி இல்ல. வீட்டுக்காரம்மா கோழி. அவுகளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன்.”

அவள் பெயர் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ருக்குமணி என்கிற அம்மாள் வீட்டுக்குப் பின்னால், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் ஓர் அறையில், மகளோடு ஆறேழு வருஷமாகக் குடியிருக்கிறாள். ருக்குமணியின் கோழிகளுக்கு இறகு கொட்டுகிறது. பிடுங்குவது பேச்சியம்மாள்தான் என்று ருக்குமணி முடிவு கட்டி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

“நீ பிடுங்கினியா?”

“நான் ஏன்மா பிடுங்கப் போறேன்? காது குடைஞ்சேன். அவ்வளவுதான்.”

விஷயம் இதுதான். கம்பெனியில் பஞ்சுத் தூசி காதுக்குள் போய் அரிக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் உட்கார்ந்து, கீழே கிடந்த கோழி இறகு ஒன்றை எடுத்துக் காதில் விட்டுக் கண்ணை மூடிச் சுகமாகத் திருகிக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணைத் திறந்தால் எதிரே ருக்குமணி. கையும் களவுமாக, இல்லை, காதும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். அவள் வாசலில் இறகு நிறையக் கிடந்தது வேறு. மிச்சச் சோற்றுக்கு அங்கேதான் கோழிகள் வந்து நிற்கும்.

“பிள்ளை பன்னெண்டாவது பரீட்சை எழுதப் போறாம்மா. இந்த நேரத்துல மூட்டையத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? நீங்க பாத்து, இது மனுசன் பிடுங்கினது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். கோழி இறகைப் பிடுங்கவில்லை என்று நிரூபிக்கக் கோழியையே திருடிக்கொண்டு வந்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. திட்டலாமா, டீ வாங்கிக் கொடுக்கலாமா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பின்னால் பேச்சியம்மாள், அவள் மடியில் கட்டைப்பை. போய் இறங்கினால் வாசலிலேயே ருக்குமணி.

“வாங்க டாக்டரம்மா. ஏனுங்க, பைக்குள்ள இருக்கறது எங்க கோழி மாதிரி இருக்குதுங்க?”

“ஆமாங்க. உங்க கோழிதான். உடம்பு சரியில்லைன்னு ஆசுபத்திரிக்கு வந்துச்சு. திரும்பக் கூட்டிட்டு வந்தேன்.”

“அதுவா வந்துச்சுங்களா?”

“நாற்காலி போடுங்க” என்றேன். பெரிய டாக்டர் எத்தனை சிக்கலிலிருந்து இந்த நாற்காலியால் தப்பித்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

மோர் வந்தது. நான் கொல்லையைப் பார்க்காதது போல் பார்த்தேன். மொத்தம் ஏழு கோழிகள், ஏழும் பனியனில். பள்ளிக்கூட அணிவகுப்பு போல வரிசையாக மேய்ந்தன. நடுவில் ஒரு சேவல். பனியன் கிடையாது. கறுப்பும் சிவப்புமாக, முழங்கால் உயரத்துக்கு, காலில் பின்பக்கம் விரல் நீள முள்ளோடு நின்றது. நான் ஒரு டம்ளர் மோர் குடிப்பதற்குள் அது ஏறாத கோழி இல்லை. ஏறும்போது கொண்டையைக் கவ்வி, முள்ளை முதுகில் ஊன்றி நின்றது. ஒரு கோழி ஓடிப்போய் பேச்சியம்மாள் புடவைக்குள் புகுந்துகொண்டது.

ருக்குமணியின் கணவர் சென்னியப்பன் கழுத்தில் இஞ்சி டேப்போடு வந்தார். சின்னதாகப் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருப்பவர். கோழி வைத்தியத்தைப் பற்றிப் பேச வந்திருப்பார் என்று நினைத்தால், பனியனைப் பற்றிப் பேசினார்.

“பியூர் காட்டனுங்க. குளிருக்கு அடக்கமா இருக்கட்டும்னு ரிப்பு வெச்சிருக்கறனுங்க. மொதல்ல வந்தது டைட்டாப் போச்சு, பேட்டர்னை மாத்திப்போட்டனுங்க. இப்ப பிட்டிங் சரியா இருக்குதுங்களா?”

“கோழியைக் கேளுங்க” என்றேன்.

ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிப் பனியனைக் கழற்றினேன். முதுகு மொட்டை. இறகு பாதியில் முறிந்த கட்டைகள், இரண்டு பக்கமும் கீறல். சரி, இது சேவல். பின்பக்கம் குனிந்து ஊதினேன். அங்கேயும் மொட்டை. மிச்சமிருந்த இறகின் அடியில் அழுக்கு அப்பியிருந்தது. கொண்டை வெளுத்திருந்தது, அதாவது யாரோ ரத்தம் குடிக்கிறார்கள். பனியனின் ரிப்பைத் திருப்பினேன். மடிப்பு முழுக்கப் பொடிப் பொடியாகச் செள்ளுப் பூச்சி. கோழிகளைக் குளிரிலிருந்து காத்ததோ இல்லையோ, பூச்சிகளுக்குச் சென்னியப்பன் அருமையான வீடு கட்டிக் கொடுத்திருந்தார்.

“ஒரு வெள்ளைத் துணி கொடுங்க.” அந்த வீட்டில் அதற்கா பஞ்சம்? புதுப் பனியன் துண்டு ஒன்று வந்தது. கூட்டுக்குள் தலையை விட்டு, கோழிகள் ஏறி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை அந்தத் துணியால் அழுத்தித் துடைத்தேன். பகலில் செள்ளு கோழி மேல் இருப்பதைவிட இந்த இடுக்கில்தான் அதிகம் பதுங்கியிருக்கும். துணியை விரித்துக் காட்டினேன். சிவப்புச் சிவப்பாக ரத்தத் தீற்றல்.

“ஐயோ சாமி” என்றாள் ருக்குமணி. “யாருதுங்க ரத்தம்?”

“உங்க கோழிங்களோடது. மனுசங்க யாரும் இறகைப் பிடுங்கலை. அரிப்புத் தாங்காம அதுங்களே பாதி பிடுங்கிக்குதுங்க.”

பேச்சியம்மாள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் அதற்குள் நான் முட்டை வைக்கும் கூடைகளைப் பார்த்துவிட்டேன். வைக்கோல் இல்லை, வேப்பிலை இல்லை. கூடை கூடையாகக் கம்பெனி கட்டிங் வேஸ்ட். மெத்து மெத்தென்று, கலர் கலராக. வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகள் இந்த ஊரில் வண்டி துடைப்பது முதல் தலையணை அடைப்பது வரை எல்லாவற்றுக்கும் ஆகும். கோழிக்கும் ஆகும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நினைத்து, போட்டு, அப்படியே மாசக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். அடியில் கிளறினால் செள்ளு கும்பல் கும்பலாக ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாள் முகம் வெளிறிப் போயிருந்தது. வாயைத் திறந்தாள். அந்தத் துணியைக் கோழிகளுக்காகக் கம்பெனியிலிருந்து ஆசையாக வாங்கி வந்து போட்டது அவள்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அன்று சாயந்திரமே மூட்டை வெளியே போகும்.

“பேச்சியம்மா, மோர் இன்னொரு டம்ளர்” என்றேன், தறிக்கு மேலே கேட்கிற குரலில். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ருக்குமணி விடவில்லை. “செள்ளு எங்கிருந்துங்க வந்துச்சு? எங்கூட்ல எப்பவும் இருந்ததில்லைங்க.”

“எப்ப இருந்து இறகு கொட்டுது?”

“இதே எடத்துல புதூடு கட்டிப் பாலு காச்சுனதுக்கு அப்பறமுங்க.”

“அப்ப புதுசா வந்தது என்ன?”

எல்லோரும் யோசித்தார்கள். லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பழையவர்கள். கோழிகள் பழையவை. சென்னியப்பன் மெதுவாகத் திரும்பிச் சேவலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சேவல் இறக்கையைப் படபடவென்று அடித்து ஒரு கூவல் கூவியது.

ருக்குமணி முகம் மாறிவிட்டது. “அது எங்கண்ணன் கொண்டு வந்ததுங்க. தாராபுரத்துல இருந்து, பொறந்த ஊட்டுச் சீரோட வந்த சேவலுங்க.” சேவலுக்கு முன்னால் வந்து நின்றாள். “எங்கண்ணன் ஊட்ல செள்ளுங்கறீங்களா?”

சென்னியப்பன் சட்டென்று டேப்பை எடுத்து வேலியை அளக்க ஆரம்பித்தார். மச்சான் பேச்சு வந்தால் அவருக்கு வேலி அளக்கிற வழக்கம் போலிருக்கிறது.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆமாம் அம்மா, உங்கள் அண்ணன் சேவல்தான் செள்ளையும் கொண்டு வந்தது, முதுகையும் கிழிக்கிறது, ஒரு பாவமும் அறியாதவளை வீட்டை விட்டுத் துரத்துகிறீர்கள் என்று. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் ருக்குமணி அந்த நிமிஷமே என் வைத்தியத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். அண்ணன் வீட்டுப் பெயரைக் காப்பாற்ற, குற்றத்தை மறுபடி பேச்சியம்மாள் தலையிலேயே கட்டியிருப்பாள். பெரிய டாக்டர் காதோரம் நின்று, உனக்கு அறிவிருக்கா என்று கேட்பது போலிருந்தது.

சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பறவைக்கு மரியாதை கொடுத்தேன்.

“ஏனுங்க, தாராபுரத்துல இருந்து எதுலங்க வந்தீங்க?” என்று சேவலைக் கேட்டேன்.

ருக்குமணிதான் பதில் சொன்னாள். “டெம்போவுலங்க.”

“டெம்போவுல வேற ஏதாச்சும் கூடை இருந்துச்சுங்களா? சந்தைக்குப் போன பழைய கோழிக்கூடை?”

ருக்குமணி ஒரு கணம் யோசித்தாள். முகம் தெளிந்தது. “இருந்துச்சுங்க. மூணு நாலு கெடந்துச்சு. நானே பாத்தனுங்க. அந்த டெம்போக்காரன் வண்டியைக் கழுவற ஆளே இல்லீங்க.”

“அப்ப டெம்போதானுங்க” என்றேன். சென்னியப்பனும் வேலியிலிருந்து தலையை நிமிர்த்தி, “டெம்போதான், டெம்போதான்” என்றார். டெம்போவுக்குப் பொறந்த ஊடு இல்லை, அது கோபித்துக்கொண்டு சீரைத் திருப்பி அனுப்பாது.

அப்புறம் வேலை சுலபமாக நடந்தது. வேஸ்ட் மொத்தத்தையும் எரித்தோம். கூட்டுக்குக் கொதிதண்ணீர் ஊற்றி, காய்ந்தபின் இடுக்கெல்லாம் மருந்தடித்து, சுண்ணாம்பு பூசினோம். முட்டையிலிருந்து புதுச் செள்ளு பொரியும் என்பதால் சில நாள் கழித்து மறுபடி மருந்தடிக்க நானே வருகிறேன் என்றேன். கோழிகள் புரள ஒரு குழியில் மணலும் அடுப்புச் சாம்பலும். இறகு முளைக்கச் சத்து வேண்டும் என்று கருவாட்டுத் தூளும் கடலைப் புண்ணாக்கும். சேவலின் முள்ளை மழுக்கி, தனிக்கூண்டில் கொஞ்ச காலம் ஓய்வெடுக்கச் சொன்னேன். “தாராபுரத்துல இருந்து அலைஞ்சு வந்த களைப்புங்க” என்று காரணமும் சொன்னேன். ருக்குமணிக்கு அது பிடித்திருந்தது.

சென்னியப்பன் மட்டும் சோகமாக நின்றார். “அப்ப பனியன் வேண்டாமுங்களா?”

“சேவலைத் திரும்ப விடும்போது முதுகுக்கு மட்டும் போடுங்க. ரிப்பு வேண்டாம், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். வாரா வாரம் கழட்டி உங்க யூனிட் ஸ்டீம் அயர்ன்ல ஆவி காட்டுங்க.” மனுஷனுக்கு உயிர் வந்தது. அந்த இடத்திலேயே முதுகை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. பேச்சியம்மாள் இறகு பிடுங்கவில்லை என்று ருக்குமணிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் காலி பண்ணு என்று வாயால் சொன்னதை, வேண்டாம் என்று வாயால் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அதை அவள் முகத்திலேயே பார்த்தேன்.

“ருக்குமணியம்மா, கூடைக்குத் துணி போடறதா இருந்தா கொதிக்க வெச்ச துணி போடுங்க. வேப்பிலையும் போடுங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாத்தியே ஆகணும். கோழிங்களுக்குப் பழகின ஆள்தான் மாத்தணும். புது ஆள் கையை விட்டா அடையை விட்டு ஓடிரும்.”

“நானே மாத்தறனுங்க.”

“எங்க, ஒண்ணைப் பிடிங்க.”

ருக்குமணி குனிந்தாள். ஏழு கோழியும் ஏழு திசைக்குப் பறந்தன. பேச்சியம்மாள் நின்ற இடத்திலிருந்தே மெதுவாக, “பா பா பா” என்றாள். ஏழும் அவள் காலடிக்கு வந்தன. மோருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுபடி மருந்தடிக்கப் போனபோது மாதம் முடிகிற சமயம். லைன் வீட்டு வாசலில் பாத்திரம் பண்டம் சாக்கில் கட்டி வைத்திருந்தது. பேச்சியம்மாள் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகள் புத்தகத்தை மட்டும் கட்டாமல் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சொல்லியே விடுவது, அண்ணனாவது சீராவது என்று மூச்சை இழுத்தேன்.

அதற்குள் ருக்குமணி கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். சாக்கைப் பார்த்தாள். பேச்சியம்மாளைப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, இன்னிக்கு வியாழக்கெழமை. துணி மாத்தாம மூட்டை மேல உக்காந்திருக்கற?”

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் ஓடினாள். அவள் மகள் வந்து சாக்கை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தாள்.

நான் மருந்தடித்து முடித்துத் திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், அதே படியில், ருக்குமணி. கோழிகளின் முதுகில் புதுக் குருத்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. தனிக்கூண்டிலிருந்து சேவல் கூவிக்கொண்டிருந்தது. ருக்குமணி சுண்டு விரலைக் காதில் விட்டு ஆட்டிப் பார்த்தாள். சரிப்படவில்லை.

“புள்ள, அந்தக் கூண்டுக்கிட்ட எங்கண்ணன் சேவல் எறகு கெடக்கும். நல்லதாப் பாத்து ஒண்ணு எடுத்துட்டு வா.”